இரவல் வெயில்

இரவெல்லாம் தோனே அடுப்புக்குள் குனிந்து
மண்சுவரில் மாவை அறைகிறவன் நான்.
விடிந்தால் புருவத்தில் மாவு, முழங்கையில் சூட்டுக்காயம்.
இரண்டு மாடி ஏறிக் கதவைத் திறந்தால்
ஷோத்தி ஏறிட்டும் பார்க்காது.
அதற்கு அந்நேரம் வேலை இருக்கும்:
கிழக்கு ஜன்னல் விரித்துப் போடும்
ஒரு பாய் அளவு வெயிலில்
விலாவைக் காட்டிக் கிடக்க வேண்டும்.
வெயில் நகர்ந்தால் எழாமலே நகரும்.
கட்டில் கால், கம்பளம், என் செருப்பு.
பத்தரைக்கு வெயில் சுவரேறிப் போய்விடும்.
அதன்பின் அது வெறும் பூனை.

போன வருஷம் எதிரே குழி தோண்டினார்கள்.
சபுர்தாலோவில் குழி என்றால் பதினாறு மாடி.
மாடிக்கு மாடி எங்கள் காலை தாமதமானது.
ஏழாவது தளம் போட்ட வாரம்
பாய் கைக்குட்டை ஆயிற்று.
பத்தாவது போட்டபோது கைக்குட்டையும் இல்லை.
கட்டட ஆட்கள் என்னிடம்தான் ரொட்டி வாங்கினார்கள்.
சூடாகத்தான் கொடுத்தேன்.
அவர்களை என்ன சொல்ல.

ஷோத்தி தீனியைக் குறைத்தது.
முதுகை நக்க மறந்தது,
வாலோரம் ரோமம் சிக்குப் பிடித்தது.
மருத்துவர் நாத்தேலா ரத்தம் எடுத்துப் பார்த்தார்.
"நோய் ஒன்றும் இல்லை, அவ்தான்தில்.
சத்தெல்லாம் அதற்குத் தீனியிலிருந்துதான்,
வெயிலிலிருந்து இல்லை.
அது தேடுவது சூட்டை."

சூடு!
தெருவுக்கே சூடு விற்கிறவன் நான்.
பாதி வாரக் கூலிக்கு மின்சார மெத்தை வாங்கினேன்.
மோந்து பார்த்தது.
ஆசை காட்ட என் காலுறையை அதன்மேல் போட்டேன்.
காலுறையை மட்டும் இழுத்துக்கொண்டு போனது.

நவம்பரில் ஒரு பிற்பகல், மூன்று பத்து,
தூங்குகிற என் முகத்தில் யாரோ விளக்கடித்தார்கள்.
பார்த்தால்
எதிர்க் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில்
ஒரு ஜன்னல் கதவு கோணலாகத் தொங்குகிறது.
மேற்கு வெயில் அதில் பட்டுத் தெறித்து
தெருவைத் தாண்டி, துணிக்கொடியைத் தாண்டி
என் தலையணையில்.
முன்னங்காலால் என் தலையைத் தள்ளிவிட்டு
ஷோத்தி அதில் படுத்தது.
பதினேழு நிமிஷம்.
எண்ணினேன், வேறென்ன வேலை.

இரண்டு ரொட்டியோடு லிஃப்டில் ஏறினேன்.
லாமாரா என்று பெயர்ப்பலகை.
சங்கிலியை எடுக்காமலே பேசினாள்.
"ஜன்னலா? கீல் போய்விட்டது.
குளிர் கொல்கிறது. வியாழக்கிழமை ஆள் வருகிறான்."
"சரி பண்ணாதீர்கள்" என்றேன்.
சொன்ன பிறகுதான்
அது எப்படி இருக்கிறதென்று என் காதிலேயே விழுந்தது.
பூனை என்றேன். வெயில் என்றேன். மூன்று பத்து என்றேன்.
ரொட்டியை இடுக்கு வழியே வாங்கிக்கொண்டு
கதவைச் சாத்தினாள்.

வியாழக்கிழமை சுத்தியல் சத்தம் கேட்டது.
வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே
ஷோத்தி தலையணையில் வந்து காத்திருந்தது.
எனக்குப் பார்க்க மனசில்லை, கண்ணை மூடிக்கொண்டேன்.
இமை சிவந்தது.

புதுக் கீலில் விரியத் திறந்த ஜன்னல்,
அது அசையாமலிருக்க முட்டுக் கொடுத்த ஊறுகாய்ச் சாடி,
பின்னால் மேல்கோட்டும் குல்லாயும் மாட்டிக்கொண்டு
தன் வீட்டுக்குள்ளேயே
தேநீர் ஊதிக் குடித்துக்கொண்டிருந்த லாமாரா.

இப்போது பிப்ரவரி.
சூரியன் யார் சொல்லையும் கேட்பதில்லை.
வெளிச்சம் ஒரு முழம் தள்ளி
பக்கத்து வீட்டுக் குழாய்மேல் விழுகிறது.
நான் ஜன்னலில் நின்று கையை ஆட்டுகிறேன்:
இடப்பக்கம், இன்னும் கொஞ்சம், போதும், ஐயோ திரும்ப.
ஒன்பதாம் மாடியில் அவள் சாடியை நகர்த்துகிறாள்.

தலையணையில் உட்கார்ந்து
என்னை ஒருமுறை, அவளை ஒருமுறை பார்க்கிறது ஷோத்தி,
இந்தத் தடவை
வேலைக்கு வாய்த்த ஆட்கள் சரியில்லை என்பதுபோல.